இன்ஸ்பெக்டர் ஏறிய மாடிப்படி

"அந்த இன்சுபெட்டரு நாலு நாளா மாடிப்படியே ஏறிக்கிட்டிருக்காரே, இன்னும் மேல போய்ச் சேரலையா?"

சிலமலையிலிருந்து போடிக்குப் போகும் மாட்டுவண்டியில், எனக்கு எதிரே இருந்த பெண் தன் கொழுந்தனிடம் கேட்டாள். இருவரும் போடியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காயைத் தரம் பார்த்துப் பொறுக்குகிறவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவன் மடியில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று இருந்தது. பட்டணத்துச் சர்வகலாசாலையில் ஒரு பேராசிரியரை யாரோ கொன்றுவிட்ட கதை.

"பெரிய கட்டடம் மதினி. படி நெறைய இருக்கும்."

"படி புத்தகத்துல இருக்கா, நீங்களாக் கட்டுறீகளா?"

அவன் மலைப் பக்கம் பார்த்தான்.

"நீங்க எங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்டுறீகன்னு ஒங்க பங்குக் காயையும் நாங்கதான் பொறுக்குறோம். கதை முடிஞ்சா நீங்களும் எங்களோட குனிஞ்சு உக்காந்து பொறுக்கணும். அதுக்குத்தானே?"

"மத்தவுககிட்டச் சொல்லிராதீக மதினி."

"சொல்லலை. கொன்னவன் யாருன்னு எனக்கு மட்டும் சொல்லிருங்க. தூக்கமே வரமாட்டேங்குது."

அவன் அவள் காதோரம் குனிந்து சொன்னான். நானும் கொஞ்சம் சாய்ந்துதான் பார்த்தேன். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் படிக்கிற பிள்ளையா?" என்றாள் அவள். "வாத்தியாரு அவனைப் படுத்தின பாட்டுக்கு அவன் வேற என்ன செய்வான்?"

"தூக்குல போடுவாகளே மதினி."

வண்டி கிட்டங்கி வாசலில் நின்றது. அவள் இறங்கிச் சேலையை உதறிக்கொண்டாள்.

"இன்சுபெட்டரு இன்னிக்கும் படியிலேயே இருக்கட்டும். ஒங்க காயை நான் பொறுக்குறேன்."