காலியான வரிசை

— கையெழுத்துப் போட்டுடறேன் மேடம். பேனாவை இப்படிக் குடுங்க.

— படிக்காம போடாதீங்க, நூக்கராஜு காரு. உக்காருங்க.

— என்னத்தப் படிக்கறது? போன செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு நம்ம ரத்த வங்கி சர்வர்ல, வரிசையில நின்ன அறுபத்துமூணு செய்தி அழிஞ்சு போச்சு. எல்லாம் விசாகப்பட்டினம் ஆஸ்பத்திரிங்க ரத்தம் கேட்டு அனுப்பினது. வரிசையைக் காலி பண்ற அனுமதி நூக்கராஜு ஒருத்தனுக்குத்தான். அதனால நூக்கராஜு வேலைய விட்டுப் போகணும். அவ்வளவுதானே?

— நீங்க அழிச்சீங்களா?

— கேன்டீன்ல பெசரட்டு தோசை தின்னுட்டிருந்தேன் மேடம். சொன்னா சிரிக்கறாங்க, காலை டிபனை மத்தியானம் மூணு மணிக்கு எவன் தின்பான்னு.

— எவன் தின்பான்?

— மத்தியானம் சாப்பிட விடாம வேலை வாங்கினா தின்பான்.

— ம். நான் தணிக்கைக்கு வந்தவ. உங்க பேரைப் போட்டு மிஷினைக் கேட்டேன். காலி பண்ண அனுமதி உண்டுங்குது.

— வேற யார் பேரையாவது போட்டுக் கேட்டீங்களா?

— ஆபீஸ் பதிவேட்டுல உங்க பேரு மட்டும்தான் எழுதியிருக்கு. மத்தவங்களை எதுக்குக் கேக்கணும்?

— சும்மா கேளுங்க. எதிர் சீட்டு அனசூயாவைக் கேளுங்க. அது பில் போடற பொண்ணு. வரிசைன்னா அதுக்கு பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும்.

— சரி, அனசூயா பேரையும் போடறேன்.

— என்ன சொல்லுது மேடம்?

— உண்டுங்குது.

— யாருக்கு?

— அனசூயாவுக்கு.

— அட.

— இருங்க, மிஷின்ல இருக்கற முழுப் பட்டியலையும் எடுக்கறேன். இதுல உங்க பேரே இல்ல. 'ஸ்டாஃப்'னு ஒரு குழுவோட பேருதான் இருக்கு.

— புயல் சமயத்துல வரிசை அடைச்சுக்கிச்சு. காலி பண்ற அனுமதியை எனக்குக் குடுக்கச் சொல்லி மேலதிகாரி எழுதிக் குடுத்தாரு. என் பேரைப் போட்டு நானேதான் கமாண்ட் அடிச்சேன் மேடம், சத்தியமா.

— நீங்க பேரைத்தான் போட்டீங்க. யுனிக்ஸ் சர்வர்ல இந்த வரிசை சாஃப்ட்வேர் தனி ஆள் பேரை வச்சுக்கல. அந்த ஆளோட முதல் குழு எதுவோ, அதுக்கே தூக்கிக் குடுத்துடுச்சு.

— அந்தக் குழுவுல எத்தனை பேரு?

— நாப்பத்தொண்ணு. அதுல ஒண்ணு ஆளே இல்ல. வாராவாரம் செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு டெஸ்ட் சர்வரைத் துடைக்கற புரோகிராம்.

— போன திங்கக்கிழமைதான் டெஸ்ட் சர்வரோட முகவரியை மாத்தினாங்க. அந்தப் புரோகிராமுக்கு எந்த முகவரி குடுத்திருக்காங்க, பாருங்க.

— பாத்துட்டேன். இந்த சர்வரோடது.

— மேடம், நாளைக்கு செவ்வாய்க்கிழமை.

— தெரியும். முதல்ல அந்தக் குழுவோட அனுமதியை எடுங்க. தனியா ஒரு குழு வைங்க, அதுல நீங்க மட்டும்.

— நானா? வேலைய விட்டுப் போறவனையா எடுக்கச் சொல்றீங்க?

— யாரு போறா? அடிங்க.

— அடிச்சாச்சு. அனசூயாவைக் கேளுங்க.

— இல்லங்குது. அந்தப் புரோகிராமுக்கும் இல்லங்குது.

— அப்பாடா. ஆறு நாளா வீட்டுல ஒருத்தி என்னைத் திட்டவே இல்ல மேடம். அதான் ரொம்ப பயமா இருந்துச்சு.

— இன்னைக்குத் திட்டுவாங்க, போங்க. ஆனா அனுமதியைத் தப்பாக் குடுத்தது நீங்கன்னு அறிக்கையில எழுதுவேன்.

— எழுதுங்க. அது நான் பண்ணினதுதான். தெரியாம பண்ணேன்னும் ஒரு வரி சேத்துக்கங்க.

— ம்.

— இன்னும் என்ன யோசனை, சத்யவாணி காரு? முகமே மாறிப் போச்சே.

— போன வருஷம் ராஜமுந்திரியில ஒருத்தர். இதே மாதிரி வரிசை, இதே மாதிரி அனுமதி. அவர் பேரை மட்டும் போட்டுக் கேட்டேன், உண்டுன்னுச்சு. வேற யாரையாவது கேட்டுப் பாருங்கன்னு சொல்ல அவருக்குத் தோணல. பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவர் போன் நம்பர் எங்கிட்ட இருக்கு. நீங்க கொஞ்சம் என் கூட இருங்க, அவர்கிட்ட பேசிடறேன்.