கழுவிய வண்டி

ரத்தக்கறையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பலருக்கும் இது தெரிவதில்லை. சூடு பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்தான் சரி. வாந்திக்கு வேறு முறை. முதலில் மரத்தூள் தூவி, அது ஊறியதும் அள்ளிவிட்டு, பிறகுதான் தண்ணீரும் மருந்தும். ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஓடும் பள்ளத்தில் போனதைப் பழைய பல் பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் ஆம்புலன்ஸ் ஷெட்டில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேடம்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி வண்டி ஏன் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது. அதனால்தான் இதிலிருந்து ஆரம்பித்தேன். அவசரப் பிரிவு டாக்டருக்குச் சந்தேகம் வந்ததும் அங்கேதான் என்றீர்கள். இறந்தவரின் தொண்டை நிறைய வாந்தி, வண்டித் தரையில் ஒரு சொட்டு இல்லை, சளியை உறிஞ்சி எடுக்கும் மெஷினின் ஜாடி காய்ந்து கிடந்தது. கெட்டிக்காரர் அவர். ஆனால் நீங்கள் டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியது தவறு. மெதுவாக ஓட்டச் சொன்னது நான். அடுத்தவன் தலையில் பழியைப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இறந்தவரைச் சித்தப்பா என்றுதான் ஷெட்டில் சொல்வோம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதெல்லாம் எங்களைப் பார்த்து, "வந்துட்டியாடா மவனே" என்பார். அதனால் வந்த உறவு. காலையிலேயே குடிப்பார். பஸ் நிலையத்திலோ சந்தை வாசலிலோ விழுவார். போகிற வருகிறவர் யாராவது போன் போடுவார்கள், நாங்கள் போவோம். ஏற்ற மாட்டேன் என்று சொல்ல எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. என் மேல் காறித் துப்பியிருக்கிறார். என் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்திருக்கிறார். புளித்த சாராயமும் பழைய மூத்திரமும் சேர்ந்த அந்த வாடை ஒரு குளியலில் போகாது. என் மனைவி என் சட்டையை மற்றத் துணிகளோடு ஊறப்போட மாட்டாள். நான் குளித்துவிட்டு வரும்வரை என் குழந்தை என் மடிக்கு வராது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்து, குளிப்பாட்டி அனுப்புவார்கள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? மறு வாரமே சந்தை வாசல்.

இன்னொன்றும் உண்டு. ஒருமுறை நாங்கள் இவரைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் ஒரு பள்ளிக்கூட டீச்சருக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்தில் வேறு வண்டி இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் நாற்காலியிலேயே உயிர் போய்ச் சாய்ந்திருந்தார். அவர் கணவர் எங்களைத் திட்டக்கூட இல்லை. பாத்திரமறிந்து பிச்சையிடு என்று சும்மாவா சொன்னார்கள். அந்த டீச்சர் முகத்தை நான் மறக்கவில்லை. சம்பவம் நடந்த அன்று அப்படி யாரும் காத்திருந்தார்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. அன்று வேறு அழைப்பே இல்லை.

அன்று மத்தியானம்தான் வண்டியைக் கழுவி முடித்திருந்தேன். தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. ஜாடியைக் கொதிநீரில் அலசித் துடைத்து மாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. சந்தை வாசல். சித்தப்பா நினைவில்லாமல் கிடந்தார், மூச்சு இருந்தது. தலைமாட்டில் அவருடைய மகள். பக்கத்து அச்சகத்தில் தாள் மடிக்கிற பெண், விரலெல்லாம் பசை. யாரோ சொல்லி ஓடிவந்திருக்கிறாள். அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

குடித்து நினைவிழந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். முதல் வாரப் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். வாந்தி வந்தால் வெளியே போய்விடும், மூச்சுக்குழாய்க்குள் இறங்காது. வெளியே போய்விடும் என்றால் எங்கே போகும் என்று பயிற்சியில் யாரும் சொல்வதில்லை. என் தரைக்குத்தான் போகும். ஸ்ட்ரெச்சர் பள்ளத்துக்குப் போகும். என் காலணிக்குப் போகும். அதனால் மல்லாக்கப் படுக்க வைத்தேன். நெஞ்சிலும் நெற்றியிலும் பெல்ட்டை இறுக்கினேன். வாயும் ஒரு பாத்திரம்தானே. கொஞ்சம் பிடிக்கும்.

வண்டி கிளம்பியதுமே அவருக்குக் குமட்டல் எடுத்தது. குலுக்கினால் அதிகமாகும் என்று டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். அந்தப் பெண் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, அப்பாவ ஒருக்களிச்சுப் படுக்க வைங்களேன். வீட்டுல அப்படித்தான் படுக்க வைப்பேன்."

"பெல்ட் போட்டாச்சும்மா. வண்டி ஓடும்போது அவுக்கக் கூடாது. ரூல்."

அப்படி ஒரு ரூல் கிடையாது. ஆனால் நான் சீருடையில் இருந்தேன். அவள் உடனே கையை மடியில் வைத்துக்கொண்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இங்கே குஞ்சுக்குக் காக்கை பொன்னாக இருந்தது. அந்த மனிதரின் வாயோரம் வழிந்ததை அவள் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். வெறும் கையால் மீதியை வழித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் வாய்க்குள் நிறைந்தது தெரிந்தது. மெஷினை எட்டி எடுக்க எழுந்திருக்கக்கூட வேண்டாம், கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஜாடி கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் அந்தப் பழுப்புக் கூழ் கொழகொழவென்று ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். அவர் முகம் நீலம் பாரித்தது. கால் இரண்டு தடவை உதைத்துக்கொண்டது. பிறகு அடங்கிவிட்டது.

அதன் பிறகு என் கடமையைச் செய்தேன். எங்கள் தொழிலில் மரியாதை அமுக்கு என்று ஒன்று உண்டு. உயிர் போனது நிச்சயம் என்றாலும் வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார முடியாது. நெஞ்சின் மேல் கை வைத்து லேசாக அமுக்கிக்கொண்டே போவோம். எலும்பு முறியாது, உயிரும் வராது, பார்க்கிறவர்களுக்கு ஒரு ஆறுதல். எல்லா ஷெட்டிலும் செய்கிறார்கள். நான் செய்ததில் ஒரே வித்தியாசம், அப்போது அவருக்கு நாடி இருந்தது. ஆழமாக அமுக்கினால் வயிற்றில் இருப்பதெல்லாம் மேலே வரும். ஆகவே லேசாகத்தான் அமுக்கினேன், ஆஸ்பத்திரி வாசல்வரை. அந்தப் பெண் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "விட்டுராதீங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் விடவில்லை. எனக்கு வியர்த்துக்கூடப் போனது.

வாயை மூடிக்கொண்டு இதையெல்லாம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவள் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டாள். அப்பா எப்படிப் போனார் என்று ஆஸ்பத்திரி நடையில் அவள் என்னைக் கேட்டாள். காரணம் தெரியாவிட்டால் மனுஷருக்குத் தூக்கம் வராது. வண்டி வருவதற்குள் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன் என்று அவளே ஏறும்போது சொல்லியிருந்தாள். அந்தத் தண்ணீர்தான் உள்ளே இறங்கி மூச்சை அடைத்திருக்கும், நினைவில்லாதவருக்குக் கொடுக்கலாமா என்றேன். அந்தத் தண்ணீருக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தெரியும்.

போன வாரம் ஷெட்டுக்கு வந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். வேலைக்குப் போவதில்லையாம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே எழுந்துவிடுகிறாளாம். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கை ஈரமாகிவிட்டது. பேசி முடிக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

"நீங்க எவ்ளோ பாடுபட்டீங்க, நான் பார்த்தேன். நான்தான் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுருங்கண்ணே."

பாவம், சின்னப் பெண். அறியாமல் செய்தது. நான் மன்னித்துவிட்டேன், மேடம்.