ஓட்டையில்லாத சிங்கி ஜாடி

என் பெயர் துர்கா. வயது முப்பத்து நான்கு. காலஞ்சென்ற அன்புச்செல்வனின் மனைவி. விருத்தாசலம் ஆலடி ரோட்டில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். சுப்புராயனின் பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வரும் ஊறுகாய் ஜாடிகளைத் தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலிப்பதை லாரிக்கும் மற்றதைக் குப்பைக்கும் ஒதுக்குவது என் வேலை.

என் கணவர் கடலூர்ப் பக்கத்து மீனவர், சிங்கி இறால் பிடிப்பவர். இங்கே மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவந்தபோது பழகி, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டோம். அவர்கள் கடலில் அடித்தரை சேறும் மணலும். சிங்கி அதில் ஊர்ந்து திரிவதால் அடியில் வலை விரித்துத்தான் பிடிப்பார்கள். வலையில் அதன் மீசையும் காலும் ஒடிந்துவிடும். முழுசாக, உயிரோடு வேண்டும் என்று வியாபாரி திருமால் நச்சரித்துவந்தார். அவர் கன்னியாகுமரிப் பக்கம் பாறைக்கடலில் ஜாடிகளை இறக்கி, பொந்து என்று நம்பி உள்ளே ஒடுங்கும் சிங்கியைச் சேதாரமில்லாமல் தூக்கிப் பழகியவர். அதையே இங்கும் செய்ய நினைத்து சுப்புராயனிடம் ஆர்டர் கொடுத்தார். சுப்புராயன் கையிலிருந்த ஊறுகாய் ஜாடி அச்சிலேயே வார்த்துக் கொடுத்தார்.

அதன் பிறகு என் கணவர் கம்பெனிக்கே வந்து, "மொதலாளி, தெக்க பாறைங்க, சும்மா தூக்கிடலாம். நம்ம கடலு சேறு, ஜாடிய கவ்விக்கும். அடியில ஒரு ஓட்ட வுடுங்க, தண்ணி பூந்தா சேறு புடிய வுட்டுடும்" என்று என் எதிரில் கேட்டார். அதற்கு சுப்புராயன், "யோவ், ஊறுகா ஜாடிக்கு எவன்யா ஓட்ட போடுவான்?" என்று சிரித்தார். திருமாலும் சிரித்துவிட்டு, ஜாடி இறக்காத படகில் சரக்கு எடுக்க மாட்டேன் என்றார். அந்த ஜாடிகளைத் தட்டிப் பார்த்து அனுப்பியது நான்தான். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

அதன் பிறகு சென்ற மாதம் ஜாடி சேற்றில் பதிந்து மேலே வராததால், என் கணவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி, கையால் சேற்றைத் தோண்டும்போது கயிறு காலில் சுற்றி இறந்துபோனார். உடலைப் பார்த்தபோது நகக்கண் எல்லாம் சேறாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் திருமால், "குடிச்சிட்டு எறங்குனாரு, நாங்க என்னா பண்றது" என்று எல்லோரிடமும் சொன்னார். சுப்புராயனும் ஆமாம் போட்டார். என் கணவர் குடிக்காதவர். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்கிற தைரியம் அவர்களுக்கு. வழக்கிலும் அப்படியே எழுதிவிட்டதாக அறிகிறேன்.

அதன் பிறகு நேற்றுக் காலை வேலைக்குப் போனபோது, வேறு படகுகளுக்கு என்று அதே ஓட்டையில்லாத ஜாடிகளை என் முன் அடுக்கித் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். தட்டினேன். சுத்தியலால் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அத்தனையையும் உடைத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரே ஒரு ஜாடியை மட்டும் உடைக்காமல் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அதை ஏரிச் சேற்றில் கழுத்துவரை அமுக்கிவிட்டு, குடிக்காத ஒருவரை விட்டுத் தூக்கிப் பார்க்கும்படி ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை நானே படித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ இல்லை, பொய்யும் இல்லை.

ஒப்பம்: துர்கா