ஐந்து மாதத்து மஞ்சள் மாத்திரை

மருந்துக் கவுன்ட்டரில் நான் மாத்திரை எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. தட்டில் கொட்டி, சின்னக் கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளுவேன். பதினோரு வருஷத்தில் ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அதனால் கவனக்குறைவால் நடந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வேலைக்கு அது அவமானம்.

தங்கையைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் நியாயம் புரியும்.

பதினாறு வயதில் எனக்கு வலிப்பு வந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது. கல்யாணம் பேசும்போது அம்மா அதை மறைத்துவிட்டாள். தெரிந்தது மூன்றே பேருக்கு: அம்மா, நான், தங்கை. கல்யாணமான பிறகு அந்த மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டு வைத்து விழுங்கினேன். கர்ப்பமானபோது டாக்டரிடமும் மூச்சு விடவில்லை. பக்கத்து நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது?

பெண் குழந்தை. கீழ் முதுகில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு பை. கருவில் முதுகுத்தண்டு மூடாமல் விட்டுப்போனால் நரம்பு அப்படிப் பிதுங்கி நிற்கும். இரண்டாம் நாளே ஆபரேஷன் செய்தார்கள். கால்கள் அசையவில்லை. டாக்டர் வார்டு வாசலில் வந்து, "கர்ப்பத்துல அம்மா வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று கேட்டார். நான் படுக்கையில் கிடந்தேன். வலிப்பையும் மாத்திரையையும் தங்கை சொல்லிவிட்டாள். அவள் பக்கத்தில்தான் என் கணவர் நின்றிருந்தார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

குழந்தை பதினான்கு மாதம் இருந்தாள். கணவர் அதற்கு முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார். அவர் போனது கூட எனக்குப் பெரிதில்லை. அந்நியர் யாராவது சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, என் இடுப்பிலேயே வளர்ந்தவள் சொன்னாளே, அதுதான் ஆறவில்லை. கூட இருந்தே குழி பறித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மருந்தாளுநர் படிப்பு படித்தேன். கவுன்ட்டருக்கு வரும் புதுப் பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன்: குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் ஆசிட் ஆரம்பித்துவிடுங்கள், நாள் தள்ளிப்போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கரு உண்டான நான்கு வாரத்தில் முதுகுத்தண்டு மூடியாக வேண்டும், அதற்குத்தான் அந்த மாத்திரை. பாதிப் பேருக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரியாது. எத்தனையோ பிள்ளைகள் என் பேச்சால் நன்றாகப் பிறந்திருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கைக்குக் கல்யாணமாகி, குழந்தைக்கு ஆசைப்பட்டாள். குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்ததால் டாக்டர் கூடுதல் அளவு எழுதிக் கொடுத்தார். சீட்டை வேறு எங்கேயும் காட்டாமல் நேரே என்னிடம் கொண்டுவந்தாள். "நீ எடுத்துக் குடுத்தாத்தான்க்கா எனக்கு நிம்மதி" என்றாள்.

வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் வைட்டமின் மாத்திரை ஒன்று உண்டு. அதுவும் சிறியது, அதுவும் மஞ்சள். முப்பது எண்ணி டப்பாவில் போட்டு, மேலே ஃபோலிக் ஆசிட் என்று என் கையாலேயே எழுதினேன். விஷம் இல்லை. உடம்புக்கு நல்லதுதான். ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, ஒண்ணுக்கு மஞ்சள் மஞ்சளா போகுது, நான் என்ன சாயப்பட்டறையா?" என்றாள். மருந்து வேலை செய்கிறது என்றேன். அந்த வைட்டமினுக்கு அப்படித்தான் போகும்.

இப்படி ஐந்து மாதம். மாத்திரை சாப்பிடாதவர்கள் எல்லோருக்கும் பிள்ளை குறையோடு பிறப்பதில்லை. ஆயிரத்தில் ஏதோ ஒன்றிரண்டு, எங்கள் குடும்பத்துக்குச் சற்றுக் கூடுதல். மீதியைக் கடவுள் கையில் விட்டேன். கர்ப்பம் மூன்று மாதம் தாண்டியதும் சரியான மாத்திரையையே கொடுத்தேன். கணினியில் பதிவு இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

பையன் பிறந்தான். அதே இடத்தில் அதே பை.

பை காயாமல் ஈரத்துணி போட்டு மூட வேண்டும், குப்புறப் படுக்க வைக்க வேண்டும் என்று பிரசவ அறையிலேயே நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் தலையில் நீர் கோக்கிறதா என்று வாரம் ஒரு தரம் நாடாவால் சுற்றளவு எடுப்பதும் நான்தான். அவனுக்குத் தானாக மூத்திரம் பிரியாது. மெல்லிய குழாய் விட்டு எடுக்கத் தங்கைக்கு நானே கற்றுக் கொடுத்தேன். "நீ இல்லன்னா நான் செத்திருப்பேன்க்கா" என்று என் மடியில் படுத்து அழுதாள். அந்த எட்டு மாதம் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

ஆனால் ஓயாமல் ஒன்றையே கேட்டாள். "ஒரு நாள் கூட மாத்திரைய விடலையேக்கா. நான் என்ன தப்பு பண்ணினேன்?" சோறு இறங்கவில்லை, பாதியாக இளைத்துவிட்டாள். பார்க்கச் சகிக்கவில்லை. கல் நெஞ்சக்காரியாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இன்று காலை அவள் பையனுக்குக் குழாய் விட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "உன் மேல தப்பே இல்லடி. நான் குடுத்தது அந்த மாத்திரையே இல்ல."

அவள் குழாயை எடுத்து, துடைத்து, பையனைப் போர்த்திவிட்டு, "எத்தன நாள்?" என்றாள். சொன்னேன். பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். பத்து மணிக்குள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்து நிற்கிறீர்கள்.

டப்பாவை மாற்றிக் கொடுத்தது நான்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு தடவை அவளை நம்பினேன், இரண்டு தடவையும் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். முதலில் அதை எழுதுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.