ஜெனீவா ட்ராஸ்க்கின் அரை நிமிடம்

மேடையில் வீற்றிருக்கும் விமானப் பணியாளர் சங்கத் தலைவர் அவர்களே, பிரதிநிதிகள் சபையின் விமானப் போக்குவரத்துத் துணைக்குழுத் தலைவர் ஹோலிஸ் பிராண்ட் அவர்களே, முதல் வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் கணவர் எம்மெட் ட்ராஸ்க் அவர்களே, விமானத்திலிருந்து இறங்கிச் சீருடை மாற்றாமல் நேரே இங்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

நான் உங்கள் சங்கத்தவன் அல்ல, நாடாளுமன்றச் செய்தியாளன். அந்தக் கட்டடத்தின் நடைபாதைகளில் உறுப்பினர்களின் ஆதரவு தேடி அலைந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மறைந்த உங்கள் விமானப் பணிப்பெண், மதிப்பிற்குரிய ஜெனீவா ட்ராஸ்க் அவர்களைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை.

அவர் கேட்டது என்ன? சலுகையா? பதவியா? ஒரே ஒரு கேள்வியைச் சட்டமாக்கச் சொன்னார். தலைக்கு மேலே வைக்க இடமில்லை என்று விமான வாசலில் கைப்பெட்டியை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்புகிறார்களே, அப்போது ஊழியர் ஒவ்வொரு பயணியிடமும், "மின்சிகரெட் உள்ளே இருக்கா?" என்று கேட்க வேண்டும். அதை எடுத்த பிறகே பெட்டி கீழே போக வேண்டும். பயணிகள் நடுவே அதன் பேட்டரி தீப்பிடித்தால் அணைக்க உங்கள் கைகள் இருக்கின்றன. சரக்கறையில் யார் இருக்கிறார்கள்?

ஜெனீவாவின் வலது கையை நீங்கள் அறிவீர்கள். பயணி ஒருவரின் மடியில் எரிந்த மின்சிகரெட்டைப் பிடுங்கித் தண்ணீரில் போட்ட நாளின் தழும்பு அது. அந்தக் கையை அவர் எந்த உறுப்பினரிடமும் காட்டியதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இதப் பாத்தா பாவம்னு நெனப்பாங்க. பாவம்னு நெனக்கிறவங்க பூ அனுப்புவாங்க, ஓட்டுப் போட மாட்டாங்க" என்றார்.

விமானம் மேலெழும் முன் நீங்கள் எல்லோரும் செய்வதை அவர் உறுப்பினர்களின் அறை வாசல் நாற்காலியிலும் செய்தார். உள்ளங்கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து, நிமிர்ந்து அமர்ந்து, அரை நிமிடம் மௌனம். தீ வந்தால் என்ன செய்வேன்? எந்தக் கதவு? யாருக்கு முதலில் உதவி? பிராண்ட் அவர்களின் உதவியாளர் ஒருநாள், "என்ன மேடம், பெல்ட் போட்டாச்சா, கெளம்பலாமா?" என்று கிண்டல் செய்தார். "நீ மொதல்ல அந்தக் காப்பிய மூடி வை கண்ணு. உங்க ஐயா ரூம்லதான் எப்பவும் குலுங்கும்" என்றார் ஜெனீவா, கண்ணைத் திறக்காமலே.

குலுங்கத்தான் செய்தது. கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் பிராண்ட் அவர்கள் மறுத்தார். "ஃபிளைட் லேட்டாகறதுதான் மிச்சம். அவங்கவங்க பெட்டில என்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் சார். அவசரத்துல மறந்துரும்."

கடந்த அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. கடைசி வாக்கெடுப்பு முடிந்து உறுப்பினர்கள் ஊருக்கு ஓடும் மாலை. டேட்டன் நகருக்குச் செல்லும் சிறிய விமானத்தில் கைப்பெட்டிகளை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். ஜெனீவா தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் பக்கத்து இருக்கையில். எங்களுக்கு முன்வரிசையில் பிராண்ட், தொலைபேசியும் காதுமாக.

ஜெனீவா தன் அரை நிமிடத்தைத் தொடங்கினார்; முடிக்கவில்லை. நிலையத்துக்கு வெளியே பிராண்ட் புகைத்துவிட்டு மின்சிகரெட்டைப் பெட்டியின் பக்கப் பையில் செருகியதை அவர் பார்த்திருந்தார். அந்தப் பெட்டியைத் திறக்காமலே வாசலில் கொடுத்ததையும் பார்த்திருந்தார். இரண்டும் இப்போதுதான் அவர் மனதில் ஒன்றுசேர்ந்தன. எழுந்து போய்க் குனிந்தார்.

"சார், உங்க மின்சிகரெட் எங்க?"

பிராண்ட் ஒரு சட்டைப்பையைத் தட்டினார். மறு பையைத் தட்டினார். "அய்யோ, பெட்டில..."

"பரவால்ல சார். இன்னும் கதவு மூடல."

பணிப்பெண்ணிடம் சொல்லிப் பெட்டியை மேலே வரவழைத்தார். மின்சிகரெட்டை எடுத்து அவரது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். திரும்பி வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "எழுதாதீங்க" என்றார் என்னிடம்.

"இந்த ஒரு செய்தி போதும் ஜெனீவா. நாளைக்கே சட்டம் நகரும்."

"பயந்து போட்ட ஓட்ட அடுத்த வருஷமே திருப்பி எடுத்துக்குவாங்க. அதுவும் போக, ஃபிளைட்டுக்குள்ள ஒரு பயணி படற சங்கடத்த நாங்க வெளிய சொல்றதில்ல."

நண்பர்களே, எதிராளியின் பலவீனம் கையில் கிடைத்தவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று எழுதியே பிழைத்தவன் நான். அந்த மாலையில் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். எத்தகைய மனம் அது! எந்தப் பயிற்சியில் வருகிறது அந்த உறுதி?

இன்று இதைச் சொல்ல அனுமதித்தவர் பிராண்ட் அவர்களே. ஜெனீவா மறைந்த மறுநாள் அழைத்து, "மறைக்காம சொல்லுங்க" என்றார். அந்தக் கேள்வியைச் சட்டமாக்கும் திருத்தம் வரும் புதன்கிழமை அவர் குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. எப்படி வாக்களிப்பீர்கள் என்று கேட்டேன். "உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அந்தம்மாவோட ஆளுங்க முன்னாடி சொல்றேன்" என்றார். எனக்குப் பின் பேசப்போகிறவர் அவர்தான். என்ன சொல்வார் என்று உங்களைப் போலவே எனக்கும் தெரியாது.

எது சொன்னாலும், புதன்கிழமை அந்தக் குழு அறை வாசலில் ஜெனீவாவின் நாற்காலி காலியாக இருக்காது என்று சங்கத் தலைவர் அறிவித்திருக்கிறார். செய்தியாளன் கட்சி சேரக் கூடாது. ஆனால் இனி நான் பறக்கும்போதெல்லாம், பெட்டியைக் கொடுக்கும் பக்கத்துப் பயணியிடம் அந்தக் கேள்வியைக் கேட்பேன். அதற்குச் சட்டம் தேவையில்லை. அது ஜெனீவாவுக்கு என் வாக்குறுதி.

இப்போது எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. எம்மெட் என் காதில் வேறு விதமாகச் சொன்னார்: "அவ அத நின்னுக்கிட்டு செஞ்சதே இல்ல. எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க."

ஆகவே யாரும் எழ வேண்டாம். நிமிர்ந்து அமருங்கள். உள்ளங்கைகளைத் தொடைக்குக் கீழே வையுங்கள். பிராண்ட் அவர்களே, நீங்களும்.

அரை நிமிடம்.