கிழக்குக் கிளை

உங்கள் அலுவலக வாசலில் நிற்கிற மரத்தின் அடியில் சிமெண்டு பூசி வைத்திருக்கிறார்கள், ஐயா. முடிந்தால் அதை உடைத்துவிடச் சொல்லுங்கள். வேர் மூச்சு விட வேண்டாமா? எங்கள் நகராட்சியில் அதற்கு விதியே இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி மண் திறந்திருக்க வேண்டும். நான் எழுதிய விதிதான்.

நான் நகராட்சியின் மர அலுவலர். அலுவலகத்தில் எனக்கு மரமண்டை என்று பெயர். கோபித்துக்கொண்டதில்லை, பதவியின் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். வீடு கட்ட மரத்தை வெட்டணும் என்று யாராவது கேட்டால் நேரில் போய்ப் பார்ப்பேன். மரத்தை விட்டுவிட்டுச் சுவரைக் கொஞ்சம் வளைத்தால் என்ன என்று கேட்பேன். பாதிப் பேர் வளைப்பார்கள். மரத்தில் ஆணி அடித்து விளம்பரம் மாட்டினால் என் கையாலேயே பிடுங்குவேன். கிளையில் பேனர் கட்டியவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அபராதம் உண்டு.

இதெல்லாம் நடந்தது மாமாவால்தான். என் அக்காவின் கணவர், நகராட்சித் தலைவர். ஒவ்வொரு விதியையும் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் பேசி முடிவு செய்தோம். அக்கா பரிமாறிக்கொண்டே, "மரத்தை அப்புறம் காப்பாத்தலாம், முதல்ல சாப்பிடுங்க" என்பாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்.

நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. நகரத்துக்கு மிஞ்சியிருக்கிற ஒரே காடு. அதைப் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்க வேண்டும் என்று வருடக்கணக்காக மாமாவின் காலைச் சுற்றினேன். கடைசியில் தலையாட்டினார். "இந்தக் கூட்டத்துல தீர்மானம் போட்டுடலாம். நீ கவலையே படாத." அந்தக் கூட்டத்துக்கு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மாமா எழுந்து தீர்மானத்தை வாசித்தார். காட்டை அழித்து ஒரு சாலை, சாலையோரம் வணிக வளாகம். இருப்பதிலேயே பெரிய மரத்தை மட்டும் நகரத்தின் அடையாளமாக விட்டுவைத்து அதைச் சுற்றி ஒரு மேடை. வாசித்து முடித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

"நம்ம மர அலுவலர் ஒவ்வொரு மரமா பார்த்துட்டுத்தான் சம்மதிச்சிருக்காரு. என் மச்சினன்னு சொல்லல. அவரைவிட மரத்து மேல பிரியம் வச்சவங்க இங்க யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் அப்போதே எழுந்து இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுக் கத்தியை நிறுத்தக்கூட இல்லை.

"தெரியும்டா. நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல. மாமாவும் என்ன பண்ணுவாரு? சாப்பிட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். எத்தனை வாரமாகத் தெரியும் என்று கேட்கவில்லை. அத்தனை வாரமும் அதே கையால்தான் எனக்குப் பரிமாறியிருக்கிறாள் என்பது மட்டும் சாப்பிடச் சாப்பிடப் புரிந்தது.

மரங்களை வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பெரிய மரத்தடியிலேயே விழா வைத்தார்கள். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த மரம் பாதி உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. கிழக்குக் கிளை கனமானது, உள்ளே பொந்து. பிளந்துவிடக் கூடாதென்று பல வருடங்களுக்கு முன் நானே ஏறி அதை இன்னொரு கிளையோடு சேர்த்து எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தேன். விழாவுக்கு முந்தைய வாரம் ஏறிப் பார்த்தேன். கம்பி பட்டையை அறுத்துக்கொண்டிருந்தது. மரத்தைப் பற்றித் தெரிந்த யாரும் அதைக் கழற்றத்தான் செய்வார்கள். கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கட்டுவார்கள். நான் கட்டவில்லை. நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்து வந்தது அந்தக் கம்பிதான்.

மேடை போடுகிறவர் வந்து தலையைச் சொறிந்தார். "சார், தலைவரோட பேனரை எங்க கட்டறது? மரத்துல கட்டினா நீங்க திட்டுவீங்க."

"இந்த ஒரு தடவை கட்டிக்குங்க. கிழக்குக் கிளையில கட்டுங்க, எல்லாருக்கும் தெரியும்."

"நீங்களா சார் இது?" என்று சிரித்துக்கொண்டே போனார். சுவர் அளவுக்கு மாமாவின் சிரிப்பு. காற்று அடித்தால் கப்பலின் பாய் மாதிரி இழுக்கும். அதற்கு நேர் கீழே தலைவருக்கும் குடும்பத்துக்கும் நாற்காலிகள் போடச் சொன்னேன்.

பள்ளிப் பிள்ளைகளையும் நிழலில்தான் உட்கார வைத்திருந்தார்கள். நான் அவர்களை எழுப்பித் தள்ளி, திறந்த வெளியில் உட்கார வைத்தேன். டீச்சருக்குக் கோபம். "பிள்ளைங்க வெயில்ல வாடுதுங்க சார்."

"கொஞ்சம் வாடட்டும் டீச்சர், ஒண்ணும் ஆகாது."

அவரிடம் நீங்கள் விசாரிக்கலாம். நான் இரக்கமில்லாதவன் இல்லை.

கிளை அன்றைக்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஐயா. மரம் யார் பேச்சையும் கேட்காது. விழலாம் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் காற்று எடுத்தது. மாமா மைக் முன்னால் போய் நின்று என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமாகப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நல்ல நிழல்டா. நீயும் கொஞ்ச நேரம் உக்காரு."

"நீ உக்காருக்கா. எனக்கு வேலை கிடக்கு."

பிள்ளைகள் பக்கம் போய் நின்றேன். பெரிய கிளை முறிவதற்கு முன்னால் பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும்.

தூக்கப் போனவர்கள் முதலில் பேனரை விலக்க வேண்டியிருந்தது. அவள் முகத்தின் மேல் மாமாவின் முகம் கிடந்தது.

மாமா அதோடு நொறுங்கிப் போனார். அடுத்த கூட்டத்தில் அவரே சாலைத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காடு இப்போது அக்காவின் பெயரில் பாதுகாக்கப்பட்ட காடு. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. அங்கே இனி ஒரு குச்சியை ஒடிக்கவும் நகராட்சியின் அனுமதி வேண்டும். மாமா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவர் உயிரோடு இருப்பது நல்லது. அவர் போயிருந்தால் அடுத்து வருகிறவர் சாலையைப் போட்டிருப்பார்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். தலைவரைக் கொல்ல நினைத்தேன், அவர் தப்பிவிட்டார், கிளை தவறிப்போய் அக்கா மேல் விழுந்துவிட்டது என்று இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதில் ஒரு திருத்தம்.

அக்கா விழாவுக்கு வருவதாகவே இல்லை. முழங்கால் வலி. அவளை யார் வரச் சொன்னது என்று மாமா இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான்தான் வரச் சொன்னேன். காலையில் போன் செய்து, "நீ வராம எப்படிக்கா? உனக்குன்னே நிழல்ல நாற்காலி போட்டு வச்சிருக்கேன்" என்றேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அவள்மேல் கோபமாக இருப்பதாக நினைத்திருந்தாளாம். மாமா மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் அரசியல்வாதி, பேச்சு மாறுவது அவருக்குத் தொழில். அவரிடம் எனக்குப் பெரிதாக வருத்தம் இல்லை.

ஆகையால் தவறி விழுந்தது என்பதை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அந்த மரத்தின் மேல் வீண்பழி வேண்டாம்.