ஒதடு வேகலீங்க

இல்லீங்க இன்ஸ்பெக்டரம்மா, தண்ணியெல்லா வேண்டாமுங்க. கையிலயா? அருவா பட்டுருச்சுங்க, அத உடுங்க. டாக்டரு எழுதுன காயிதத்த இன்னொருக்காப் படிங்க. செத்துப்போன எம் பையன் கதிர்வேலோட வாயப் பத்தி என்னங்க எழுதியிருக்குது?

ஆமாங்க. ஒதடு வேகல, நாக்கு நுனி வேகல, தொண்டை மட்டும் வெந்து தோலுரிஞ்சு கெடக்குது. மேல்வாய்ல வட்டமாக் கன்னிப்போன காயம். களைக்கொல்லியத் தானாக் குடிச்சிருந்தா மொதல்ல ஒதடுதான வேகும்? அப்ப ஆரோ ஊத்தியிருக்கோணும், ஊட்டுல இருந்தவ பொண்டாட்டி. அதுதான வர்ஷினியப் புடிச்சுட்டு வந்துட்டீங்க?

அவ வாயப் பாத்தீங்களா? தொறக்கச் சொல்லுங்க. முடியாதுங்க, தாடை எறங்கிக் கெடக்குது. முன்பல்லு ரெண்டு போன தைப்பூசத்தன்னைக்கே போச்சு. முந்தாநாத்து மத்தியானம் கதிர்வேலு அவ தலமசுரக் கையில சுத்தி ஆட்டாங்கல்லுல மொத்துனானுங்க. தேங்கா ஒடைக்கற சத்தம். தடுக்கப் போன என்னையும் ஒதச்சுத் தள்ளிப்போட்டான். நாசமாப் போறவன், அந்த ரத்தக் கையோட கட்டில்ல படுத்துக் கொறட்டை உட்டானுங்க.

சிங்காநல்லூர் டவுன்ல வளந்த புள்ளைங்க அவ. தொண்டாமுத்தூர்ல எங்க தோட்டத்துக்கு வந்து மூணு வருசமாச்சு, இன்னும் மாட்டுக்கிட்டப் போவப் பயம். மாட்டு நாக்க ஒதுக்கிப் புடிச்சு, மூங்கில் குழாயத் தொண்டை வரைக்கும் உட்டு மருந்து ஊத்த அவளுக்கு எங்கீங்க தெரியும்? அப்படி ஊத்துனாத்தான் மாடு துப்பாது. ஒதட்டுல ஒரு சொட்டுப் படாது.

எனக்கு நாப்பது வருசப் பழக்கமுங்க, கை அதும்பாட்டுக்குப் போயிருச்சு. ஒதடு காட்டிக் குடுத்துரும்னு தோணவே இல்லீங்க. களைக்கொல்லி டப்பாவ அவங் கையோரம் வெச்சா, தானாக் குடிச்சான்னு உட்டுருவீங்கன்னு நெனச்சுப்போட்டேன். புத்தி கெட்டவ. பழி அவ மேல உழுந்துருச்சு.

ஆமாங்க, நாந்தான். மயிலாத்தாள்னு எழுதிக்குங்க. பெத்த வயிறு எரியுதுங்க, இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னொருக்கா அவ தலை அந்தக் கல்லுல பட்டுருந்தா எந்திரிச்சிருக்க மாட்டாளுங்க. அவள மொதல்ல அனுப்பி உடுங்க, தாடைக்கு வைத்தியம் பாக்கோணும்.

சாட்சியா? அருவான்னு சொன்னது பொய்ங்க. கட்டைவெரல்ல இந்தத் துணிய அவுத்துப் பாருங்க. அவம் பல்லுத்தான், எலும்பு வரைக்கும் எறங்கியிருக்குது.

பால் குடிக்கற வயசுலயே கடிப்பானுங்க.